காருக்குள் மோட்டார் சைக்கிள் எஞ்சின்

மட்டாஞ்சேரியில் எங்கள் தொடர்கல்வி மையம் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும். சலவைத் தொழில் செய்யும் அண்ணன் ஒருவர் அங்கே படிக்க வருகிறார். அவர் மனைவியும் வருகிறார். அவரை நாங்கள் அக்கா என்று அழைப்போம்.

அண்ணனுக்கு வேலை ஃபோர்ட் கொச்சி வெளியில் உள்ள டோபி கானாவில். தமிழ்நாட்டிலிருந்து பல தலைமுறைக்கு முன் வந்த குடும்பங்கள் அங்கே துணி வெளுக்கின்றன. ஓட்டல்களிலும் வீடுகளிலும் துணி எடுக்க வேண்டும். வெளுத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதற்காக அண்ணன் ஒரு பழைய மாருதி 800 கார் வாங்கினார். பின் இருக்கையை மடக்கினால் எட்டு மூட்டை கொள்ளும்.

மழைக்காலத்தில் ஒருநாள் கார் வழியிலேயே நின்றுவிட்டது. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் ஓட்டியதால் எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது. பிரித்துச் சரிசெய்ய 30,000 ரூபாய் ஆகும் என்றார்கள்.

அப்போது தெரிந்தவர் ஒருவர் வந்தார். அவர் வெல்டிங் வேலை செய்கிறவர்.

“அண்ணே, எங்கிட்ட பழைய புல்லட் எஞ்சின் ஒண்ணு இருக்கு. 12,000 ரூபா கொடுங்க. உங்க காருக்குள்ள வெச்சு, வெல்டு அடிச்சு, ஓட விட்டுத் தர்றேன்” என்றார்.

அக்காவின் சேமிப்பில் சரியாக 12,000 ரூபாய் இருந்தது. மூன்று வருடம் சேர்த்த பணம். அதைக் கொடுப்பதா, வேண்டாமா?

இதே யோசனையோடு இருவரும் மையத்துக்கு வந்தார்கள். அன்று நாங்கள் பாடப் புத்தகத்தைத் திறக்கவில்லை. தோப்பும்படியில் நாற்பது வருடம் மெக்கானிக் வேலை பார்த்த பெரியவரை அழைத்து வந்தோம். அவரை எல்லோரும் ஆசான் என்று அழைப்பார்கள். அன்று ஆசான்தான் ஆசிரியர்.

இழுக்குமா, இழுக்காதா?

அண்ணன் முதலில் இதைத்தான் கேட்டார்.

“ஆசானே, புல்லட் எஞ்சின் காரை இழுக்குமா?”

“இழுக்கும் தம்பி. ஆனா எப்படி இழுக்கும்னு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.”

எஞ்சினின் பலத்தைக் குதிரைத் திறன் என்ற அளவில் சொல்வார்கள். 75 கிலோ மூட்டை ஒன்றை ஒரே நொடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கும் பலமே ஒரு குதிரைத் திறன்.

மாருதி 800 எஞ்சினின் அளவு 796 சி.சி. அதன் பலம் சுமார் 37 குதிரைத் திறன். பழைய புல்லட் 350 எஞ்சினின் அளவு 346 சி.சி. அதன் பலம் சுமார் 18 குதிரைத் திறன். அதாவது பாதிதான்.

இனி எடையைப் பார்ப்போம். காரின் எடை சுமார் 650 கிலோ. அண்ணனும் துணி மூட்டைகளும் 200 கிலோ. மொத்தம் 850 கிலோ.

ஆசான் கரும்பலகையில் எழுதினார். அக்கா வகுத்துச் சொன்னார்.

மாருதி எஞ்சின்: 850 ÷ 37 = சுமார் 23 கிலோ.
புல்லட் எஞ்சின்: 850 ÷ 18 = சுமார் 47 கிலோ.

மாருதி எஞ்சினில் ஒரு குதிரை 23 கிலோவை இழுக்கிறது. புல்லட் எஞ்சினில் அதே குதிரை 47 கிலோவை இழுக்க வேண்டும். இரண்டு மடங்கு சுமை.

“சம ரோட்டில மெதுவாப் போகும். மூட்டையோட தோப்பும்படிப் பாலம் ஏறும்போது முக்கும். பின்னால வர்ற பஸ்சுக்காரன் ஹாரன் அடிச்சே கொன்னுடுவான்” என்றார் ஆசான். எல்லோரும் சிரித்தோம்.

“மெதுவாப் போனாப் பரவாயில்லை ஆசானே. துணிக்கு என்ன அவசரம்?” என்றார் அண்ணன்.

“சரி. அப்போ இப்படிச் செஞ்சவங்க கதையைக் கேளு.”

ஜெர்மனியில் ஓடிய முட்டைக் கார்

இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்தது. ஐரோப்பிய நாடுகளில் மக்கள் கையில் பணம் இல்லை. பெரிய கார் வாங்க முடியாது. மோட்டார் சைக்கிளில் போனால் மழையும் குளிரும் தாங்க முடியாது.

இத்தாலியில் ஈசோ என்ற கம்பெனி 1953இல் ஒரு குட்டிக் கார் செய்தது. அதன் பெயர் இசெட்டா. பார்க்க முட்டை போல இருக்கும். அதற்குக் கதவு ஒன்றுதான். அதுவும் முன்பக்கம். குளிர்பெட்டிக் கதவு போல மூக்கோடு திறக்கும்.

ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி அந்தக் காரைச் செய்யும் உரிமையை வாங்கியது. 1955இல் அதில் தன் மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பொருத்தியது. 247 சி.சி. எஞ்சின். பலம் 12 குதிரைத் திறன்தான். காரின் எடை சுமார் 360 கிலோ. மணிக்கு 85 கிலோமீட்டர் வரை ஓடியது. 1962 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேல் விற்றார்கள்.

“பாத்தீங்களா? நடந்திருக்கே!” என்றார் அண்ணன். அவர் முகம் மலர்ந்தது.

“நடந்தது தம்பி. ஆனா எஞ்சினைத் தூக்கி அப்படியே உள்ளே வெச்சாங்களா? இல்லை. எஞ்சினுக்குத் தக்க மாதிரி வண்டியை மாத்தினாங்க. வண்டிக்குத் தக்க மாதிரி எஞ்சினை மாத்தினாங்க. என்னென்ன மாத்தினாங்கன்னு சொல்றேன். ஒவ்வொண்ணா எழுதிக்கோ.”

நான்கு சிக்கல்கள்

1. சூடு

மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பாருங்கள். சிலிண்டரைச் சுற்றி வரி வரியாகத் தகடுகள் இருக்கும். அது எதற்கு? சூடான கஞ்சியை அகலமான தட்டில் ஊற்றினால் சீக்கிரம் ஆறும். குண்டானில் இருந்தால் ஆறாது. அதுபோலத்தான் இதுவும். தகடுகள் இருப்பதால் அதிக இடத்தில் காற்றுப் படும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று பட்டு எஞ்சின் ஆறும்.

காரின் பானெட்டுக்குள் எதிர்க்காற்று சரியாக வராது. கஞ்சியைத் தட்டு போட்டு மூடியது போல ஆகிவிடும். எஞ்சின் சூடேறி, பிஸ்டன் மறுபடியும் ஜாம் ஆகும்.

ஜெர்மன்காரர்கள் எஞ்சினோடு ஒரு விசிறி வைத்தார்கள். வண்டி நின்றாலும் விசிறி காற்று அடித்தது.

2. திருப்பம்

இரண்டு பேர் ஒரு கம்பில் ஈரத்துணி மூட்டையைக் கட்டித் தூக்கிப் போகிறார்கள். தெரு முனையில் திரும்புகிறார்கள். உள்பக்கம் இருப்பவர் நாலு அடி வைத்தால் போதும். வெளிப்பக்கம் இருப்பவர் எட்டு அடி வைக்க வேண்டும். இருவரும் ஒரே வேகத்தில் நடந்தால் திரும்ப முடியாது.

காரின் இரண்டு சக்கரங்களும் அப்படித்தான். திரும்பும்போது வெளிச் சக்கரம் வேகமாகச் சுற்ற வேண்டும். இதற்காகக் காரில் டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் எஞ்சின் சுழற்றுவது ஒரே சக்கரம். அதனால் அதில் இந்த அமைப்பு இல்லை. ஒரு செயின் மட்டும் உண்டு.

இசெட்டாவில் என்ன செய்தார்கள்? பின்சக்கரம் இரண்டையும் நெருக்கி வைத்தார்கள். இடைவெளி அரை மீட்டர்தான். இவ்வளவு நெருக்கமாக இருந்ததால் டிஃபரென்ஷியல் இல்லாமலே சமாளித்தார்கள். மாருதிச் சக்கரங்களை அப்படி நெருக்க முடியுமா? முடியாது.

3. பின்னால் போவது

மோட்டார் சைக்கிளுக்கு ரிவர்ஸ் கியர் இல்லை. காலால் உந்திப் பின்னால் தள்ளிவிடலாம். காரை அப்படித் தள்ள முடியுமா? மட்டாஞ்சேரிச் சந்துக்குள் எதிரே ஒரு லாரி வந்தால் என்ன செய்வது?

ஜெர்மன்காரர்கள் கியர் பெட்டியில் ரிவர்ஸ் கியரும் வைத்தார்கள்.

இங்கே ஆசான் ஒரு வேடிக்கை சொன்னார். இங்கிலாந்தில் மூன்று சக்கர இசெட்டா ஒன்றும் விற்றார்களாம். ரிவர்ஸ் கியர் இல்லாத மூன்று சக்கர வண்டியை அங்கே மோட்டார் சைக்கிள் லைசென்சிலேயே ஓட்டலாம். இப்போது யோசியுங்கள். கதவு முன்பக்கம். சுவரை ஒட்டி வண்டியை நிறுத்திவிட்டால்? கதவு திறக்காது. பின்னாலும் போகாது. மேல்கூரைத் துணியை விலக்கித்தான் ஏறி வர வேண்டும்!

4. உதறல்

மாருதி எஞ்சினில் மூன்று சிலிண்டர். ஒன்று மாற்றி ஒன்று வேலை செய்வதால் உதறல் குறைவு. புல்லட்டில் ஒரே சிலிண்டர். அது தடதடவென்று உதறும். மோட்டார் சைக்கிளின் இரும்புச் சட்டம் அந்த உதறலைத் தாங்கும். காரின் உடம்போ மெல்லிய தகடு. அதில் வெல்டு அடித்து எஞ்சினைப் பிடிக்க வைத்தால் நாளாக ஆக வெல்டு விரிசல் விடும். பாலத்தின் மேல் போகும்போது விட்டால்?

அக்கா நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“வண்டியில என் பிள்ளைங்களும் வருவாங்க ஆசானே” என்றார்.

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“வெல்டு அடிக்கிற தம்பி கை நல்ல கைதான். எனக்கும் தெரியும். கேட்டு, கிரில்லு எல்லாம் அருமையாச் செய்வான். ஆனா இது ஒரு ஆள் கை வேலை இல்லை. ஒரு கம்பெனியே உட்கார்ந்து யோசிச்ச வேலை” என்றார் ஆசான்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 1988ஆம் ஆண்டு வந்தது. அதன் 52ஆவது பிரிவு வண்டியை மாற்றுவது பற்றியது. கம்பெனி கொடுத்த விவரம் ஒன்று, வண்டியில் இருப்பது வேறொன்று என்று ஆகும்படி வண்டியை மாற்றக் கூடாது. இதுதான் அதன் சாரம்.

கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

காரில் மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைத்தால் என்ன ஆகும்? சி.சி. மாறும். எஞ்சின் எண் மாறும். வண்டியின் வகையே மாறும். ஆகவே அது சட்டப்படி செல்லாது. 2019இல் திருத்திய சட்டப்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அது காப்பீடு. இப்படி மாற்றிய வண்டி யார் மீதாவது மோதினால் காப்பீட்டுக் கம்பெனி பணம் தர மறுக்கலாம். அல்லது கொடுத்த பணத்தை நம்மிடம் திரும்பக் கேட்கலாம். அது லட்சக் கணக்கில் இருக்கலாம்.

“அப்போ எதையுமே மாத்தக் கூடாதா?” என்று அண்ணன் கேட்டார்.

சிலவற்றை முறைப்படி மாற்றலாம். பெட்ரோல் வண்டியை எரிவாயுவில் ஓடும்படி மாற்றலாம். அதற்கு அரசு ஒப்புதல் பெற்ற கருவியைத்தான் பொருத்த வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடியும் வண்டியை மாற்றலாம். அதே கம்பெனி, அதே வகை எஞ்சினைப் பொருத்துவதாக இருந்தாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் அனுமதி வாங்கிப் பதிவு செய்ய வேண்டும்.

பெரிய கம்பெனிக்கும் இதே கட்டுப்பாடுதான். பஜாஜ் கம்பெனி 2012 ஜனவரியில் ஒரு சின்ன நான்கு சக்கர வண்டியைக் காட்டியது. பின்னால் அதற்கு க்யூட் என்று பெயர் வைத்தார்கள். அதில் 216 சி.சி. எஞ்சின். மோட்டார் சைக்கிளில் இருப்பது போல ஒரே சிலிண்டர். ஆனால் தண்ணீரால் ஆறும் ஏற்பாடு உண்டு. ரிவர்ஸ் கியர் உண்டு. வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர்.

வண்டி தயார். ஆனால் அது காரா, ஆட்டோவா? இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை. அரசு குவாட்ரிசைக்கிள் என்று புதிய வகையையே உண்டாக்க வேண்டியிருந்தது. வழக்கும் நடந்தது. கடைசியில் 2019இல்தான் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. அவ்வளவு பெரிய கம்பெனியே சரியான காகிதத்துக்காக ஏழு வருடம் காத்திருந்தது.

எஞ்சின் மாற்றிப் பார்க்க ஆசையுள்ள இளைஞர்களுக்கும் ஓர் இடம் உண்டு. கோயம்புத்தூர் அருகே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தளம் இருக்கிறது. ஃபார்முலா பாரத் என்ற போட்டிக்குக் கல்லூரி மாணவர்கள் அங்கே வருகிறார்கள். தாங்களே செய்த சின்னப் பந்தயக் காரில் மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைத்து ஓட்டுகிறார்கள். முதலில் பிரேக்கையும் சட்டத்தையும் சோதிப்பார்கள். பிறகுதான் ஓட விடுவார்கள். அது பந்தயத் தளத்துக்கு மட்டும். ரோட்டுக்கு அல்ல.

ஆர்.சி.யைப் படித்தோம்

“ஆர்.சி. கொண்டு வந்திருக்கீங்களா?” என்று ஆசான் கேட்டார்.

அக்கா பிளாஸ்டிக் உறையைப் பிரித்து எடுத்தார். வண்டி வாங்கி நான்கு வருடம் ஆகிறது. அதுவரை அதைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்கள். படித்ததில்லை.

ஆர்.சி. என்றால் பதிவுச் சான்று. அது ஆங்கிலத்தில் இருந்தது. ஆனால் எண்களைப் படிக்க ஆங்கிலம் வேண்டாமே! நாங்கள் எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

சி.சி. என்ற இடத்தில் 796 என்று இருந்தது. இருக்கை 4 என்று இருந்தது. எஞ்சின் எண் ஒன்று இருந்தது. சேசிஸ் எண் ஒன்று இருந்தது. சேசிஸ் எண் என்பது வண்டியின் உடம்பில் பொறித்த எண்.

“இந்த எஞ்சின் எண் உங்க எஞ்சின் பிளாக்கிலயும் பொறிச்சிருக்கும். ரெண்டும் ஒண்ணா இருக்கணும். ஒரு எழுத்து மாறினாலும் கேள்வி வரும்” என்றார் ஆசான்.

அக்கா அடுத்த வரியில் விரலை வைத்தார். மெதுவாகத் தேதியைப் படித்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

“ஏங்க, பதிவு முடியுற தேதி போட்டிருக்கு. இன்னும் நாலு மாசம்தான் இருக்கு.”

சொந்தக் காருக்குப் பதிவு பதினைந்து வருடம் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். அப்போது அதிகாரி வண்டியைப் பார்ப்பார். எஞ்சின் எண்ணையும் பார்ப்பார். புல்லட் எஞ்சினை வைத்திருந்தால் நான்கு மாதத்தில் 12,000 ரூபாயும் போயிருக்கும். வண்டியும் போயிருக்கும்.

அந்தத் தேதியைக் கண்டுபிடித்தது நானும் இல்லை, ஆசானும் இல்லை. ஒரு வருடத்துக்கு முன் எண்களைக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட அக்காதான்.

அண்ணன் என்ன செய்தார்?

அண்ணன் பழைய எஞ்சினையே பிரித்துச் சரிசெய்தார். எஞ்சின் பிளாக் அதேதான். அதனால் எண் மாறவில்லை. அக்காவின் 12,000 ரூபாயைக் கொடுத்தார். மீதி 18,000 ரூபாய்க்கு அக்கா தன் குடும்பஸ்ரீ குழுவில் கடன் எடுத்தார். கடன் விண்ணப்பத்தை அக்காவே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

வேலை முடிய இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் அண்ணன் சைக்கிளில் மூட்டை கட்டி மிதித்தார். மழையில் சில நாள் துணி நனைந்தது. ஒரு வாடிக்கை கைவிட்டுப் போனது. கடன் தவணை மாதாமாதம் இருக்கிறது. சுலபம் என்று சொல்ல முடியாது.

ஆனால் பதிவு புதுப்பித்தாகிவிட்டது. காப்பீடு இருக்கிறது. பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்து வருகிறார்கள். காரை எடுக்கும் முன் அண்ணன் தினமும் ஒரு வேலை செய்கிறார். ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிறார்.

புதிய சொற்கள்

குதிரைத் திறன் – எஞ்சினின் பலத்தைச் சொல்லும் அளவு
சி.சி. – எஞ்சின் சிலிண்டரின் கொள்ளளவு
டிஃபரென்ஷியல் – திருப்பத்தில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற உதவும் அமைப்பு
ஆர்.சி. – வண்டியின் பதிவுச் சான்று
சேசிஸ் எண் – வண்டியின் உடம்பில் பொறித்த எண்
காப்பீடு – விபத்து நேர்ந்தால் இழப்பை ஈடுசெய்யும் ஏற்பாடு

கணக்குப் போடுங்கள்

இசெட்டா காரின் எடை 360 கிலோ. அதில் ஏறும் இருவரின் எடை 130 கிலோ. எஞ்சினின் பலம் 12 குதிரைத் திறன். ஒரு குதிரை எத்தனை கிலோவை இழுக்கிறது? அண்ணனின் காரில் புல்லட் எஞ்சின் வைத்தால் வரும் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பேசுவோம்

1. மோட்டார் சைக்கிள் எஞ்சினைச் சுற்றி ஏன் தகடுகள் இருக்கின்றன?
2. இசெட்டாவின் பின்சக்கரங்களை ஏன் நெருக்கி வைத்தார்கள்?
3. மாற்றிய வண்டி மோதினால் யாருக்கெல்லாம் துன்பம் வரும்?
4. நீங்கள் அண்ணனின் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

செய்து பார்ப்போம்

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு வண்டி இருக்கும். அதன் ஆர்.சி.யை வாங்கிப் பாருங்கள். கீழே உள்ளதை நிரப்புங்கள்.

வண்டி எண்: ..................
எஞ்சின் எண்: ..................
சேசிஸ் எண்: ..................
சி.சி.: ..................
பதிவு முடியும் தேதி: ..................

பிறகு வண்டியின் அருகே போய் எஞ்சின் எண்ணைத் தேடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா?